சர்வர் படுத்துருச்சு

சர்வர் படுத்துவிட்டது என்ற செய்தியை அமலோற்பவத்துக்கு முதன்முதலில் சொன்னவள் அவளுடைய கடைக்குட்டி ஜெசிந்தாதான். அமலோற்பவம் இப்போது உட்கார்ந்திருக்கிற இதே காலேஜில் மகள் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்த வருஷம், ஜெபமாலை மாதம் என்று தெருவில் வீட்டுக்கு வீடு மாதா சுரூபம் போய்க்கொண்டிருந்த அக்டோபரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே வாசலில் நின்று, "சர்வர் படுத்துருச்சும்மா, அதான் சீக்கிரமே விட்டுட்டாங்க" என்றாள். அவ்வளவுதான், மாவு அள்ளிக்கொண்டிருந்த கையைக்கூடக் கழுவாமல் அமலோற்பவம் தெருவில் இறங்கிவிட்டாள். பெற்ற அப்பனைப் போய் அது இது என்கிறாளே என்று திட்டக்கூட அப்போது தோன்றவில்லை. அவளுக்குத் தெரிந்து உலகத்தில் இருந்தது ஒரே ஒரு சர்வர், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஹோட்டலில் வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக நின்ற அவள் புருஷன் ஆரோக்கியம். மாதாவே மாதாவே என்று மழையில் ஓடிப்போய்ப் பார்த்தால், மனுஷன் இடது கையில் தோள்வரை தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, "மூணாம் நம்பருக்கு ஒரு நெய் ரோஸ்ட்" என்று கத்திக்கொண்டிருந்தார். "என்ன அமலம், கையெல்லாம் மாவு?" "நீங்க படுத்துட்டீங்கன்னு சொன்னாளே." "எவ சொன்னா?" "உங்க மக." விஷயம் விளங்கியதும் தட்டெல்லாம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னார், கல்லாவில் இருந்த முதலாளியிடமும் சொன்னார். அதற்கப்புறம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலே, "சர்வர் வந்துட்டேன், இப்பப் படுக்கப் போறேன், ஊரைக் கூட்டிராதடி ஆத்தா" என்பதுதான் அவருடைய பேச்சு. பாயை உதறிப் போடுகிறபோது எத்தனையோ நாள் சொல்லியிருப்பார். அந்தச் சிரிப்பு இப்போதும் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது, திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. காலேஜ் வராந்தாவில் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அமலோற்பவம் நிஜமாகவே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, விரலுக்குள் நின்றுபோயிருந்த ஜெபமாலையை அடுத்த மணிக்குத் தள்ளினாள்.

எதிரே கம்ப்யூட்டர் லேபின் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே இரும்புத் தட்டிலும், தட்டு கொள்ளாமல் தரையிலுமாகச் செருப்புகள். உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் அரசுப் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிற வேலைக்குப் பரீட்சை எழுதுகிறார்கள், பரீட்சையும் கம்ப்யூட்டரிலேயேதான். எங்கெங்கோ சென்டர் போடுகிறவர்கள் ஜெசிந்தாவுக்கு அவள் படித்த காலேஜையே போட்டிருந்தார்கள். மாதா பார்த்துப் போட்ட இடம் என்று அமலோற்பவம் நினைத்தாள், வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் மகள் முகம் சுருங்கும். வாசலில் தோட்டைக் கழற்றச் சொன்னார்கள், தலையில் குத்தியிருந்த கிளிப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழுத்தில் கிடந்த, மாதா படம் கோத்த உத்தரியக் கயிற்றைக்கூட விடவில்லை. அதையெல்லாம் அம்மா கையில் கொடுத்துவிட்டு, செருப்பைத் தரையில் ஓரமாக விட்டுவிட்டு ஜெசிந்தா உள்ளே போனாள். திரும்பிப் பார்த்துவிட்டுப் போவாள் என்று நினைத்தாள், பார்க்கவில்லை. தோடு முந்தானை முடிச்சில் இருக்கிறது. செருப்பு அதோ, பழுப்பு நிறம், இடது கால் வார் அறுந்து மணிக்கூண்டுப் பக்கத்தில் தைத்தது, தைத்த நூல் மட்டும் கறுப்பு. அந்தக் கறுப்பு நூல்மேல்தான் அமலோற்பவத்தின் கண் கிடக்கிறது. வேறு எதையும் அவளால் பார்க்க முடியவில்லை. போன தடவை மதுரையில் சென்டர் போட்டிருந்தபோது, அங்கேயும் இப்படித்தான் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள், ஜெபமாலையில் ஒரு தேவரகசியம், பத்து மணி, சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் நிழல் தட்டியது, நிமிர்ந்தால் ஜெசிந்தா, செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். "போலாம்மா." "ஏன் கண்ணு, அதுக்குள்ளயா முடிஞ்சிருச்சு?" "கை வரலம்மா." மதுரையிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள், அமலோற்பவம் உரித்துக் கொடுத்த ஆரஞ்சுச் சுளை அவள் உள்ளங்கையிலேயே வெதுவெதுத்துப்போனது. அதனால் இன்றைக்கு மார்க் எத்தனை, வேலை கிடைக்குமா, அதெல்லாம் பெரிய மகள் பிலோமினாவும் மகன் சேவியரும் போனில் பேசிக்கொள்ளட்டும். அமலோற்பவம் மாதாவிடம் கேட்டது இவ்வளவுதான்: மணி அடிக்கிறவரைக்கும் அந்தப் பழுப்புச் செருப்பு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அது நகர்ந்தால் போச்சு. இன்னொரு தடவை இவள் எந்தக் கம்ப்யூட்டர் முன்னாலும் உட்கார மாட்டாள், வீட்டில் அடைந்து கிடக்கிற உள்ரூமை விட்டு வெளியேயும் வர மாட்டாள். வாய் அருள் நிறைந்த மரியே என்கிறது, கண் செருப்பு செருப்பு என்கிறது, இப்படியும் ஒரு ஜெபமா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது, ஆனாலும் பிள்ளை பெற்றவளுக்குத் தெரியாதா என்ன, மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இந்த வராந்தா அவளுக்குப் புதுசில்லை. அப்போது இந்தக் கண்ணாடிக் கதவு கிடையாது, பச்சைப் பெயிண்ட் அடித்த மரக்கதவு. ஏசி என்று ஒரு பெட்டி ஜன்னலில் உட்கார்ந்து கடகடவென்று தண்ணீர் சொட்டும், சொட்டுகிற இடத்தில் ஒரு பெயிண்ட் வாளி. ஒரு மிஷினுக்கு ரெண்டு பிள்ளைகள், சில நாள் மூணு. ஜெசிந்தாவோடு உட்காருகிற மும்தாஜ் மவுஸ் என்கிற எலியைப் பிடித்துக்கொள்வாளாம், இவள் தட்டுவாளாம், "கல்யாணம் ஆனா இப்படித்தாம்மா இருக்கும்போல, ஒருத்தர் இழுக்க ஒருத்தர் தட்ட" என்று வந்து சொல்லிச் சிரிப்பாள். வகுப்பு நேரத்தில் ஒழுங்காகக் கிடைக்காத மிஷின், அஞ்சு மணிக்கு மேல் எல்லாரும் கிளம்பிய பின்தான் சும்மா கிடக்கும். ஆனால் அஞ்சு மணிக்குப் பெண்பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்கள், பையன்கள் இருந்து இருந்து படிப்பார்கள். "அவனுங்க மட்டும் என்னம்மா, மிஷினை மாமியார் வீட்டுச் சீதனமா கொண்டுவந்தானுங்க?" என்று ஜெசிந்தா பொருமினாள். கேட்டுக் கேட்டு, கடைசியில் பிரின்சிபால் ஃபாதர் ஒரு வழி சொன்னார்: பெண்பிள்ளைகளின் அம்மா யாராவது ஒருத்தர் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் ஏழு மணிவரை இருக்கலாம். எந்த அம்மா வருவாள்? அமலோற்பவம் வந்தாள். மாவு வியாபாரத்தைக் காலையோடு முடித்துக்கொண்டு, முகம் கழுவி, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு, டவுன் பஸ் பிடித்து வந்து இங்கே உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பாள். வருகிற பிள்ளை ஒவ்வொன்றும் செருப்பைக் கழற்றிப்போட்டு, "ஜெசியம்மா, பாத்துக்கங்க, போன வாரம் எங்க அத்த வாங்கிக் குடுத்தத நாய் தூக்கிட்டுப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டு ஓடும். செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள், உள்ளே குளுகுளு என்றிருக்கிறது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது, தின்னக் கூடாது. முதல் நாள் அமலோற்பவம் அந்தப் பச்சைக் கதவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அம்மா, தூசி போகக் கூடாதுன்னு கழட்டச் சொல்றாங்க, உள்ள சாமி இருக்குன்னு இல்ல." "இருந்துட்டுப் போகுது, உனக்கென்னடி?" என்றாள் இவள். உள்ளே வா, வந்து பார், என் மிஷினைக் காட்டுகிறேன் என்று அவள் எத்தனையோ தடவை கூப்பிட்டாள். இந்த வெடித்த காலை வைத்துக்கொண்டு உள்ளே போய், ஏதாவது தூசி பட்டு, ஏதாவது நின்றுபோய், மகளுக்குக் கெட்ட பெயராகிவிட்டால்? போகவில்லை. போயிருக்கலாம். ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்திருந்தால்கூட, இன்றைக்கு அவள் எந்த ஜன்னல் பக்கத்தில், எந்த நாற்காலியில், முதுகை எப்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டிருக்கலாம். உள்ளே பார்க்காத கண்ணுக்கு வெறும் கதவுதான் தெரிகிறது.

பார்க்கவில்லையே ஒழிய, கேட்டிருக்கிறாள். சாயங்காலம் வராந்தா விளக்குப் போட்டபின் உள்ளேயிருந்து வருகிற அந்தத் தட்டல் சத்தம், எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி, நாலு பக்கமும் படபடவென்று. கொஞ்ச நாளில் அதில் ஜெசிந்தாவின் தட்டல் எது என்று தனியாகத் தெரிந்துபோனது. கோவிலில் நூறு பேர் பாடினாலும் தன் பிள்ளை குரல் பிரிந்து கேட்கும் இல்லையா, அந்த மாதிரி. வேகமாக ஓடும், நடுவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்குகிற மாதிரி நிற்கும், மறுபடி ஓடும், கடைசியில் ஒரே ஒரு பலமான தட்டு. அந்தக் கடைசித் தட்டு, அவர் டபராவை மேஜையில் வைக்கிற மாதிரியே இருக்கும், டொக் என்று, இந்தா உன் காப்பி என்கிற மாதிரி. தினமும் உள்ளே போனதும் முதலில் கேட்கிற தட்டல் மட்டும் எப்போதும் ஒரே மாதிரி, ஒரே நீளம். "போன உடனே என்னத்தடி அடிக்கிற?" என்று கேட்டாள். "பாஸ்வேர்டும்மா. அத அடிச்சாத்தான் உள்ள விடும். யாருக்கும் சொல்லக் கூடாது." "எனக்குமா?" "உனக்குந்தான்." ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள் அமலோற்பவம், பெற்றவளுக்கே தெரியக் கூடாத சொல் என்ன சொல் என்று. மூணாம் நாள் பஸ்ஸில் ஜெசிந்தா காதோரம் வந்து சொன்னாள், "உன் பேருதாம்மா. இங்கிலீஷ்ல எழுதினா ரயில் மாதிரி அவ்வளவு நீளம், எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. மும்தாஜ் எட்டிப் பாத்துட்டு, இம்புட்டு நீளமா எவளாச்சும் வைப்பாளா, நீ அடிச்சு முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிரும்ங்கிறா." அப்பா வைத்த பெயர். ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் டீச்சர்கள் பாதியோடு நிறுத்திக்கொண்ட பெயர், ரேஷன் கார்டில் ஒரு எழுத்து தப்பாக விழுந்த பெயர், புருஷனே அமலம் என்று சுருக்கிக்கொண்ட பெயர். அதை முழுசாக, ஒரு எழுத்து விடாமல், தினமும் தன் மகள் ஒருத்திதான் சொன்னாள், அதுவும் ஒரு கதவைத் திறப்பதற்கு. பஸ் ஜன்னல் வழியாக மழைக்காற்று முகத்தில் அடித்தது, தன்னை யாரோ தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட மாதிரி அமலோற்பவத்துக்கு இருந்தது. இப்போது நினைத்தாலும் இருக்கிறது. நினைத்த உடனே அதன் பின்னாலேயே மற்றதும் வந்துவிடுகிறது, வராதே வராதே என்றாலும்.

ஜெசிந்தா வேலைக்குப் போனது சென்னையில் பெரிய கம்பெனி, பதினோரு மாடி, அங்கேயும் அதே பெயரைத்தான் வைத்திருந்தாளாம். கூட ஏதோ நம்பரும் புள்ளியும் சேர்க்கச் சொன்னார்களாம், சேர்த்துக்கொண்டாளாம். கல்யாணம் கல்யாணம் என்று பிலோமினா பின்னாலேயே அலைந்தாள், அப்புறம் அப்புறம் என்று வேலையே கதியாகக் கிடந்தாள். அவர் படுத்தபோதுகூட, பெரியாஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே படுத்திருந்தவருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், "புள்ள இருக்கா, புள்ள இருக்கா" என்றார். சர்வர் படுத்துருச்சும்மா என்று அவரே ஒரு தடவை சொல்லிப்பார்த்தார், சிரிக்க மூச்சு வரவில்லை. எழுந்திருக்கவே இல்லை. அடக்கம் முடிந்த மறுநாளே ஜெசிந்தா ரயிலேறிப் போனாள், லீவு இல்லை என்று. அப்படி உழைத்த பிள்ளை ஒரு திங்கட்கிழமை காலையில் போய் உட்கார்ந்து, எப்போதும்போல அடித்திருக்கிறாள். தப்பு என்று வந்ததாம். கை தவறியிருக்கும் என்று மறுபடி அடித்தாளாம். தப்பு. மறுபடி. தப்பு. பக்கத்தில் இருந்த பெண் தலை குனிந்துகொண்டாளாம். அப்புறம்தான் மேலே கூப்பிட்டு, ஆள் குறைக்கிறோம் என்று சொன்னார்களாம். பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அமலோற்பவம் தலையைத் தடவிக் கொடுத்தபோது சொன்னாள்: "உன் பேரைத்தாம்மா அடிச்சேன். தப்புன்னு சொல்லிச்சு." மற்ற எல்லாவற்றையும் அமலோற்பவம் விழுங்கிவிட்டாள், இது மட்டும் மீன் முள் மாதிரி நின்றுகொண்டது. என் பெயர் எப்படித் தப்பாகும்? நேற்றுவரை சரியாக இருந்தது இன்றைக்கு எப்படித் தப்பாகும்? கம்பெனிக்காரன் செய்த காரியம், பெயர் என்ன செய்யும், புத்திக்குத் தெரிகிறது. ஆனால் சாமான் கழுவுகிறபோது, மாவு அரைக்கிறபோது, பூசையில் கண்ணை மூடுகிறபோது, மகள் ஒரு கதவுமுன் நின்று அம்மா அம்மா என்று கூப்பிடுகிற மாதிரியும், தான் குரல் கொடுக்காமல் உள்ளே நின்றுகொண்டிருக்கிற மாதிரியும் வருகிறது. அன்றைக்கு முதல் ஜெசிந்தா எதையும் தொடவில்லை. கம்ப்யூட்டரை விடு, வாயாடித்தனம்கூடப் போய்விட்டது. டாக்டரிடம் காட்டு என்கிறான் சேவியர் திருப்பூரிலிருந்து, ஒரு மாப்பிள்ளை இருக்கிறது என்கிறாள் பிலோமினா வத்தலக்குண்டிலிருந்து. அமலோற்பவத்துக்கு ஜெசிந்தா பக்கத்து அறையில் இருக்கும்போதே அவளுக்காக மனசு ஏங்குகிறது. வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கு ஏங்கினால் ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கும். ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு ஏங்கினால் எந்தப் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பது?

"பாட்டி, பாப்பா அத மிட்டாய்னு நினைச்சுக் கடிக்கிறா பாருங்க" என்றான் பக்கத்தில் இருந்தவன். குனிந்தால் ஜெபமாலையின் சிலுவை ஒரு குழந்தை வாயில் இருக்கிறது. அவன் பெயர் பாலகுரு, நத்தத்திலிருந்து வந்திருக்கிறான், பொண்டாட்டி உள்ளே எழுதுகிறாள், கையில் ஒரு வயசுப் பெண் குழந்தையும் ஒரு பால் புட்டியுமாக நடந்து நடந்து அலுத்துப்போய்ப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தான். "கடிக்கட்டும்பா, பல்லு வருது" என்று அமலோற்பவம் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அவ பாஸ் பண்ணிட்டா எனக்கு இதுதான் பாட்டி நிரந்தர உத்தியோகம்" என்றான். "நல்ல உத்தியோகம்தானே, சம்பளந்தான் கிடையாது" என்றாள் இவள், வெகுநாளைக்கு அப்புறம் தன் வாயில் ஒரு வேடிக்கை வந்ததை நினைத்து அவளுக்கே ஆச்சரியம். "தம்பி, உள்ள தட்டுற சத்தமே கேக்கலயே, எல்லாரும் எழுதுறாங்கதானே?" "இதுல தட்டுற வேலையே இல்ல பாட்டி. விடை வரும், எலியால அமுக்கணும், அவ்வளவுதான். கீபோர்டெல்லாம் வயரைப் பிடுங்கி ஓரமா வச்சிருப்பாங்க." அப்படியா. அப்படியென்றால் கேட்காது. இவ்வளவு நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது வீண். குழந்தை சிலுவையை விட்டுவிட்டு மணியைப் பிடித்து இழுத்தது, எத்தனையாவது மணி என்பது தப்பிப்போனது. நாலாவது தேவரகசியம் நடந்துகொண்டிருந்தது. மாதா தன் பிள்ளையைக் கோவிலில் காணிக்கை வைக்கப் போனபோது, உன் உள்ளத்தில் வாள் பாயும் என்று ஒரு கிழவர் அவளிடம் சொன்ன இடம். காலையிலிருந்து இதிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்தது ஐந்தாவது, காணாமல் போன பிள்ளையைத் தேடித் தேடி அலைந்து கடைசியில் கோவிலுக்குள் உட்கார்ந்திருக்கக் காண்கிற இடம். அதற்கு வருவதற்குள் மனசு நழுவி மறுபடி வாளிலேயே வந்து நிற்கிறது. மறுபடி முதல் மணியில் ஆரம்பித்தாள். அப்போதுதான் கண்ணாடிக் கதவு திறந்து ஒருத்தன் வெளியே வந்தான், பின்னாலேயே ரெண்டு பேர், நாலு பேர். "என்னங்க ஆச்சு?" என்று பாலகுரு எழுந்தான். வந்தவன் எரிச்சலாகச் சொன்னான், "என்னாகும்? சர்வர் படுத்துருச்சு."

அமலோற்பவத்துக்கு இன்றைக்கும், அர்த்தம் தெரிந்த இத்தனை வருஷத்துக்கு அப்புறமும், முதலில் வந்து நிற்பது தோசைத் தட்டு அடுக்கிய அந்தக் கைதான். அப்புறம்தான் மற்றது உறைத்தது. பரீட்சை நின்றுவிட்டது. ஏசியும் நின்றுபோய், காற்று வரட்டும் என்று கதவை அகலத் திறந்து செங்கல் வைத்தார்கள். "தண்ணி குடிக்கிறவங்க, வெளிய போறவங்க போயிட்டு வாங்க, வந்ததும் விட்ட இடத்துலருந்து ஆரம்பிக்கும்" என்று உள்ளேயிருந்து ஒரு அம்மாவின் குரல். யார் கேட்டார்கள்? இன்றைக்கு நடக்காது என்றான் ஒருத்தன், இன்னொரு நாள் வைப்பார்கள் என்றான் ஒருத்தன், கேட்டுக்குப் போய் உட்காருவோம் வாங்க என்றாள் ஒருத்தி. பாலகுருவின் பொண்டாட்டி வந்து, "பாதிதாங்க முடிச்சேன், வயித்தெரிச்சலா இருக்கு" என்று குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். எல்லாரும் குனிந்து குனிந்து செருப்பைத் தேடினார்கள், ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்தார்கள், தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. அமலோற்பவம் எழுந்து நின்றாள். யாரோ ஒரு பெண் பழுப்புச் செருப்பில் காலை நுழைத்தாள்; உயிர் போனது; இல்லை, அவள் தன்னுடையதில்லை என்று உதறிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு போனாள். செருப்பு கொஞ்சம் நகர்ந்து குப்புறக் கிடந்தது. இப்போது வருவாள். வந்து, போலாம்மா என்பாள். இவளுக்கு எழுந்து வர ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அது தானாக வந்துவிட்டது. மாதாவே, இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு மிஷினைப் படுக்க வைத்துத்தான் என் பிள்ளையை எழுப்ப வேண்டுமா? அமலோற்பவம் கதவைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். வருகிற முகம் எல்லாம் அவள் முகம் மாதிரியே ஒரு கணம் இருந்து வேறு முகமாயிற்று. கடைசியில் கூட்டம் படியிறங்கிப் போனது, பேச்சுச் சத்தம் கேட் பக்கம் நகர்ந்தது. வராந்தாவில் ஒரே ஒரு ஜோடி கிடந்தது, ஒன்று குப்புற, ஒன்று நேராக, கறுப்பு நூல் மேலே தெரிய.

அவளுக்குப் பழைய சாயங்காலங்கள் நினைவுக்கு வந்தன, எப்படி இத்தனை நேரம் மறந்திருந்தாள் என்று தெரியவில்லை. அப்போதும் இப்படி அடிக்கடி படுக்கும். எல்லாப் பிள்ளைகளும் செருப்பை மாட்டிக்கொண்டு கேண்டீனுக்கு ஓடிவிடும், ஜெசிந்தா மட்டும் வர மாட்டாள். நீயும் போயேன்டி என்று வாசலில் நின்று கூப்பிட்டால் உள்ளேயிருந்தே கத்துவாள், "எந்திரிச்சா எடம் போயிரும்மா. அது எந்திரிக்கிறப்ப நான் இங்க இருக்கணும்." அப்படிக் கத்தின குரல். அந்தக் குரல். அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டாள், விரல் அடுத்த மணிக்குப் போனது, அடுத்ததற்குப் போனது, எங்கேயும் மாட்டாமல். பெரிய மணி வந்தது. ஐந்தாவது தேவரகசியம். அப்போது அது கேட்டது. திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து, ஆள் இல்லாத லேபின் அமைதியில், தட்டல். வயர் பிடுங்கி ஓரமாக வைத்திருந்த கீபோர்டை ஜெசிந்தா எடுத்து முன்னால் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கேயும் போய்ச் சேராத தட்டல், எந்தக் கதவையும் திறக்காத தட்டல். மெதுவாகத்தான் வந்தது, நோயில் கிடந்தவர்கள் சுவரைப் பிடித்து நடக்கிற மாதிரி. நடுவில் ஒரு இடத்தில் நின்றது. போச்சு என்று நினைத்தாள். மறுபடி ஓடியது. கடைசியில் ஒரே ஒரு பலமான தட்டு, டொக். அப்புறம் முதலிலிருந்து, அதே நீளம். அமலோற்பவத்துக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் அந்த நீளம் தெரியும். மூணாவது தடவை வந்தபோது கொஞ்சம் வேகமாக வந்தது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, வெடித்த காலோடு கதவு வரைக்கும் போய், தன் செருப்பையும் கழற்றி அந்தப் பழுப்புச் செருப்புக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, குப்புறக் கிடந்ததைத் திருப்பி நேராக வைத்தாள். உள்ளே எட்டிப் பார்க்க முடிந்தது. பார்க்கவில்லை. நிலைப்படியோரம் அப்படியே நின்றாள்.

"யாரு, ஜெசியம்மாவா?" என்று பின்னால் குரல் கேட்டது. தவமணி, அந்தக் காலத்திலேயே லேபில் உதவியாளாக இருந்தவர், மீசை நரைத்துவிட்டது, கையில் சாவிக்கொத்து. "அக்கா, நல்லா இருக்கீங்களா? நம்ம பாப்பாவா உள்ள இருக்கறது? நான் கவனிக்கவே இல்லையே. அண்ணே எப்படி இருக்காரு?" அமலோற்பவம் வானத்தைக் காட்டினாள். அவர் தலை குனிந்துகொண்டார். உள்ளே தட்டல் ஓடியது, நின்றது. "எல்லாரும் போயிட்டாங்க, பாப்பா மட்டும் ஒத்தையா புழுக்கத்துல உக்காந்திருக்கேக்கா. இது எந்திரிக்க எந்நேரம் ஆகுமோ. வெளிய வந்து காத்தாட இருக்கச் சொல்லட்டா? கதவைச் சாத்திட்டு, வந்ததும் கூப்பிடறேன்." செங்கலை நகர்த்தக் குனிந்தார்.

"வேணாம் தம்பி, அவ இருக்கட்டும்" என்றாள் அமலோற்பவம். "கதவை மட்டும் கொஞ்ச நேரம் சாத்தாம வைங்க."